"நான் வளர்ந்து அம்மா ஆவேனா?": சிறு குழந்தைகளின் பாலினக் கேள்விகளை எதிர்கொள்ள ஒரு தொடக்க வழிகாட்டி

மழலையர் வகுப்பில் என்னிடம் படித்த 4 வயதுச் சிறுவன் ஒருவன், மணல்தொட்டியில் விளையாடிக்கொண்டே, "டீச்சர், நான் வளர்ந்து அம்மா ஆவேனா?" என்று கேட்டான். அப்போது எனக்கு அந்த வேலை புதிது. பதறிப்போனேன். உடம்பு, கருப்பை, ஆண்கள் அப்பா ஆவது, பெண்கள் அம்மா ஆவது, யார் எப்படி இருந்தாலும் தப்பில்லை என்பது வரை மூச்சுவிடாமல் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். பிறகு, "அந்த வாளியைக் கொடுங்கள்" என்றான்.

அன்றைய என்னைப் போலத் திகைத்து நிற்கும் பெற்றோருக்கும் புதிய ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். படிகளாகப் பிரித்திருக்கிறேன். ஆனால் குழந்தைகள் இந்த வரிசையில் கேட்கமாட்டார்கள்.

1. முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் இந்தச் சொற்களை ஆளுக்கொரு பொருளில் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் 'பால்' என்பது உடல் சார்ந்தது: குரோமோசோம், உறுப்புகள், ஹார்மோன்கள். குழந்தை பிறந்ததும் மருத்துவர் பார்த்துச் சொல்வது இதைத்தான். 'பாலின அடையாளம்' என்பது தன்னை ஆண் என்றோ, பெண் என்றோ, இரண்டிலும் அடங்காதவர் என்றோ ஒருவர் உள்ளுக்குள் உணர்வது. 'பாலின வெளிப்பாடு' என்பது உடை, முடி, நடை, விளையாட்டு என வெளியே தெரிபவை.

பெரும்பாலோருக்கு உடலும் உள்ளுணர்வும் ஒத்துப்போகின்றன. சிலருக்கு ஒத்துப்போவதில்லை, திருநங்கை (பிறந்தபோது ஆண் எனப்பட்டுப் பெண்ணாக உணர்பவர்), திருநம்பி (பெண் எனப்பட்டு ஆணாக உணர்பவர்) என்று நாம் அழைப்பவர்கள் இவர்களில் அடங்குவர். பிறவியிலேயே உடலமைப்பு வழக்கமான ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காதவர்களை ஊடுபாலினர் என்கிறோம். அது உடல் சார்ந்த செய்தி, அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது முற்றிலும் வேறு கணக்கு. பெற்றோர் பலர் தடுமாறுவது இங்கேதான். மகன் பொம்மைக்குத் தலைவாரிவிட்டால், இருபது வருடம் கழித்து அவன் யாரை வீட்டுக்கு அழைத்துவருவான் என்று அன்று இரவே கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள். அவன் பொம்மைக்குத் தலைவாரினான், அவ்வளவுதான்.

2. எந்த வயதில் எது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு வயது நிறைவதற்கு முன்பே கைக்குழந்தைகள் ஆண் குரலையும் பெண் குரலையும் பிரித்தறியத் தொடங்குகின்றன. 3 வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாம் ஆணா பெண்ணா என்று கேட்டால் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சொல்லை எதன் அடிப்படையில் சொல்கின்றன என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966இல் இதைப் படிப்படியான வளர்ச்சியாக விளக்கினார். முதலில் குழந்தை ஆண், பெண் என்று பெயர் சொல்லப் பழகுகிறது. பிறகு, இன்று சிறுமியாக இருப்பவள் நாளை பெண்ணாக வளர்வாள் என்று பிடிபடுகிறது. முடியை வெட்டினாலோ உடையை மாற்றினாலோ ஆள் மாறிவிடுவதில்லை என்பது கடைசியாகத்தான், ஏறக்குறைய 6, 7 வயதில், உறுதிப்படுகிறது.

ஆகவே 4 வயதுக் குழந்தையின் உலகில் சட்டை மாறினால் ஆளும் மாறலாம். சாண்ட்ரா பெம் என்ற உளவியலாளர் தம் வீட்டில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். அவருடைய சின்ன மகன் தலையில் கிளிப் மாட்டிக்கொண்டு மழலையர் பள்ளிக்குப் போனான். இன்னொரு பையன், கிளிப் போட்டிருப்பதால் நீ பெண்தான் என்று நாள் முழுவதும் சாதித்தான். பொறுக்க முடியாமல் இவன் கால்சட்டையை இறக்கிக் காட்டியிருக்கிறான். அந்தப் பையன் அசரவில்லை: அது எல்லோருக்கும் இருக்கிறது, கிளிப் பெண்களுக்கு மட்டும்தான் என்றானாம்! பெம் பின்னர் 1989இல் சிறு குழந்தைகளிடம் படங்களைக் காட்டி ஆய்வு செய்தார். உறுப்பு வேறுபாட்டை அறிந்திருந்த குழந்தைகள், உடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்பதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்திருந்தார்கள். உடலைப் பற்றி மறைக்காமல் பேசுவது குழந்தையைக் குழப்பிவிடும் என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 5, 6 வயதில் குழந்தைகள் திடீரென்று கடுமையான காவல்காரர்களாக மாறிவிடுவார்கள். "அது பையன்கள் விளையாட்டு, நீ வரக்கூடாது" என்று, வீட்டில் யாருமே சொல்லித்தராத சட்டத்தை வகுப்பில் அமல்படுத்துவார்கள். ஒரு வகைப்பாட்டைப் புதிதாகக் கற்றவர்கள் அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது இயல்புதான். 7, 8 வயதில் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

3. கேள்வியின் உள்ளே என்ன கேள்வி என்று பாருங்கள்

மணல்தொட்டிச் சிறுவனிடம் மறுநாள் நான் வேறு மாதிரி கேட்டேன். "நீ அம்மா ஆனால் என்ன செய்வாய்?"

"இரவில் வீட்டிலேயே இருப்பேன். அப்பா ஆனால் இருட்டில் வேலைக்குப் போக வேண்டுமே."

அவன் அப்பாவுக்கு இரவுப் பணி. கருப்பையைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

"ஏன் அப்படிக் கேட்கிறாய்?" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியைக் குழந்தைகள் பெரும்பாலும் திட்டு விழுவதற்கு முன்பு கேட்டுப் பழகியிருப்பார்கள். தவறு செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வார்கள். "அப்படி ஆனால் என்ன செய்வாய்?", "அது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். குழந்தைக்குக் கதை சொல்ல வரும், காரணம் சொல்லத்தான் வராது.

இப்படிக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான கேள்விகள் சில வகைக்குள் வந்துவிடும். சில வெறும் தகவலுக்கானவை: தம்பி ஏன் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கிறான்? சில விதிகளைச் சோதிப்பவை: பையன் நீளமாக முடி வளர்க்கலாமா? சில ஏக்கத்திலிருந்து வருபவை. தங்கை பிறந்த வீட்டில் "நானும் பெண்ணாக இருந்திருந்தால்" என்று ஒரு பையன் சொன்னால், தங்கை படுத்திருக்கும் மடியைத்தான் அவன் கேட்கிறான் என்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. சிலவற்றில் கேள்விக்குறியே இருக்காது. "நான் பெண்தான்" என்று குழந்தை சொல்லும். அதுவும் விளையாட்டாக இருக்கலாம், நேற்றுப் பூனையாக இருந்ததைப் போல. விளையாட்டாக இல்லாமலும் இருக்கலாம். முதல் நாளிலேயே இரண்டில் எது என்று முடிவுகட்ட வேண்டிய அவசரம் உங்களுக்கு எதற்கு?

4. கேள்வியின் அளவுக்கே பதில் சொல்லுங்கள்

ஒரு வாக்கியம் சொல்லுங்கள். நிறுத்துங்கள். குழந்தைக்கு வேண்டுமென்றால் அடுத்த கேள்வி தானாக வரும். நான் கைவசம் வைத்திருக்கும் சில பதில்கள்:

"பிறக்கும்போது ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பு இருக்கும், பெண் குழந்தைக்குப் பெண்ணுறுப்பு இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான்." உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வேண்டாம். சரியான பெயர் தெரிந்த குழந்தையால், யாராவது தவறாகத் தொட்டால் அதைத் தெளிவாகச் சொல்ல முடியும். இந்த ஒரு காரணமே போதும்.

"முடிக்கு ஆண், பெண் கிடையாது. பிடித்தவர்கள் வளர்க்கலாம்."

"நீ சொல்வதைக் கேட்டேன். இன்னும் சொல்." இது "நான் பெண்தான்", "நான் பையன்தான்" என்ற அறிவிப்புகளுக்கு. ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்று இதைக் கோழைத்தனமாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தையே இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

நம் மொழி இங்கே ஒரு கை கொடுக்கிறது. 'குழந்தை வந்தது' என்று சொல்லலாம், ஆணா பெண்ணா என்று மொழி கேட்காது. 'நான் வந்தேன்', 'நீ வந்தாய்' என்பவற்றிலும் ஆண் பெண் இல்லை. படர்க்கையில் பேசும்போதுதான் 'வந்தான்', 'வந்தாள்' என்று மொழி நம்மை மடக்குகிறது. அப்படி அழைக்கும்போதெல்லாம் குழந்தை சுணங்கினால், பெயரைச் சொல்லியும் நேரே 'நீ' என்று பேசியும் நாட்களை நகர்த்தலாம். அதற்குள் உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

5. பொது இடத்தில் குழந்தை உரக்கக் கேட்டால்

பஸ்ஸில் எதிரே ஒரு திருநங்கை அமர்ந்திருக்கிறார். "அவர் ஆணா பெண்ணா?" என்று உங்கள் குழந்தை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறது. வாயைப் பொத்துவதும் கிள்ளுவதும்தான் நம் கைக்கு முதலில் வரும். அதைப் பார்த்துக் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: எதிரே இருப்பவர் ஏதோ பயங்கரம். எதிரே இருப்பவருக்கும் அதே செய்தி போய்ச்சேரும்.

"பார்த்து மட்டும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்த்தால் புன்னகை செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடாதீர்கள். "சிலர் பிறந்தபோது ஆண் குழந்தை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வளரும்போது, தான் பெண் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணாக வாழ்வார்கள். அவர்களைத் திருநங்கை என்று சொல்வோம்." 5 வயதுக்கு இது தாராளம்.

இதைச் சொல்வதே குழந்தையின் மனத்தில் விதை தூவிவிடாதா என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். அவர் பேத்தியிடம் இதை நான் சொன்னபோது அவள் கேட்ட அடுத்த கேள்வி, அந்த பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்ததா என்பது.

6. இவற்றைச் செய்யாதீர்கள்

சிரிக்காதீர்கள். அடிக்கவோ மிரட்டவோ செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன். ஆனால் சிரிப்பு தப்பித்துவிடும், அதனால் சொல்கிறேன். பையன் அக்காவின் பாவாடையை உடுத்திக்கொண்டு வரும்போது வீடே சிரிக்கும். ஒருவர் கைப்பேசியில் படம்பிடிப்பார், அது உறவினர் குழுவுக்குப் போகும். அங்கே முப்பது பேர் சிரிப்பார்கள். விளையாட்டு என்றால் விளையாட்டோடு முடிந்திருக்க வேண்டியது. அப்படி இல்லையென்றால், அந்தக் குழந்தைக்கு 12 வயதாகும்போதும் அந்தப் படம் யாரோ ஒருவர் கையில் இருக்கும். படம் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் அனுப்பாதீர்கள்.

தினமும் சோதிக்காதீர்கள். "இன்றைக்கு நீ பையனா பெண்ணா?" என்று காலையில் காபியோடு கேட்கும் தந்தை ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், திறந்த மனத்தோடு இருப்பதாக நினைத்துத்தான் கேட்டார். ஒரு வாரத்தில் குழந்தை அவரைக் கண்டாலே ஓடத் தொடங்கியது.

பெயர் சூட்டவும் அவசரப்படாதீர்கள். பொம்மை பிடித்த பையன் திருநங்கை என்று அறிவிப்பவரும், பொம்மையைப் பிடுங்கி எறிபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே பொம்மைக்கும் ஆண், பெண் உண்டு என்று நம்புகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. "பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை" என்பதை விட்டுவிடுங்கள். ஹில்லியார்ட், லிபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சில மழலையர் வகுப்புகளில் ஆசிரியர்கள் எதற்கெடுத்தாலும் ஆண், பெண் என்று பிரித்துப் பேசினார்கள். இரண்டே வாரங்களில் அந்த வகுப்புகளில் "இது ஆணுக்கு, அது பெண்ணுக்கு" என்ற எண்ணம் கூடியது, எதிர்ப்பாலாரோடு சேர்ந்து விளையாடுவது குறைந்தது. நான் இப்போது சட்டை நிறத்தை வைத்து வரிசை பிரிக்கிறேன். வரிசை அதே அளவுக்குத்தான் கோணலாக நிற்கிறது.

7. நீடித்தால், குறித்து வையுங்கள்

சில குழந்தைகளிடம் இது கேள்வியாக நிற்காது. மாதக்கணக்கில், வீட்டிலும் பள்ளியிலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதே சொல் வரும். கவனிக்க ஒரு சிறு வேறுபாடு: "பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்கும்" என்பது வேறு, "நான் பெண்" என்பது வேறு. இரண்டாவதை மட்டும் வைத்தும் எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் அது விடாமல், மாறாமல், வருத்தத்தோடு வந்தால் கவனிக்கத்தான் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, குழந்தை சொன்ன சொற்கள் அப்படியே, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. உங்கள் விளக்கம் வேண்டாம். "குளிக்கும்போது, 'இது எப்போது விழும்?' என்று கேட்டது" என்று எழுதுங்கள். "தன் உடலை வெறுக்கிறது" என்று எழுதாதீர்கள். பால்பல் விழுந்த வாரத்தில் அதே கேள்வியை வேறு எதற்காகவும் ஒரு குழந்தை கேட்கலாம்.

மருத்துவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நோட்டு எழுதுவது எளிது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, குழந்தைகளின் பாலின மனவருத்தம் (உடலும் உள்ளுணர்வும் ஒத்துப்போகாததால் வரும் வேதனை) என்று சொல்வதற்கு 8 அறிகுறிகளில் குறைந்தது 6, குறைந்தது 6 மாதங்களுக்கு இருக்க வேண்டும். வேறு பாலினமாக இருக்க வேண்டும் என்ற வலுவான விருப்பம், அல்லது அப்படித்தான் என்ற வலியுறுத்தல், அவற்றில் கட்டாயம் ஒன்று. கூடவே மனவேதனையோ அன்றாட வாழ்வில் பாதிப்போ இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 11ஆவது நோய் வகைப்பாடு 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அது இந்த நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. சுமார் 2 ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு, உடை, நடத்தை மாறியிருப்பது மட்டுமே போதாது என்றும் தெளிவாகச் சொல்கிறது.

குழந்தை சிறுநீர் கழிக்கக் கழிப்பறைக்கே போக மறுத்தால், குளிக்கும்போது உறுப்புகளைக் காயப்படுத்த முயன்றால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், சாக வேண்டும் என்ற பேச்சு எந்த வயதில் வந்தாலும், மாதங்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

8. யாரிடம் போவது, என்ன எதிர்பார்ப்பது

முதலில் குழந்தை நல மருத்துவர். அவர் வழியாகக் குழந்தைகளுக்கான உளவியலாளர் அல்லது மனநல மருத்துவர். முதல் சந்திப்புக்குக் குழந்தை இல்லாமல் போவது நல்லது. அவரிடம் நேராகக் கேளுங்கள்: "இப்படிப்பட்ட குழந்தைகளோடு நீங்கள் என்ன செய்வீர்கள்?" "மாற்றிக் காட்டுகிறேன்" என்று உறுதி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பாலின அடையாளத்தை மாற்ற முயலும் சிகிச்சைகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, அவை தீங்கு செய்யும் என்று அமெரிக்கக் குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநல மருத்துவக் கழகம் 2018இல் அறிவித்தது. அதேபோல, பத்து நிமிடத்தில் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லிவிடுபவரையும் நான் நம்பமாட்டேன்.

பெற்றோர் பயப்படும் மருந்து, அறுவை சிகிச்சைப் பேச்சு இந்த வயதுக்கு உரியதே அல்ல. பருவமடைதல் பெண் உடலில் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் உடலில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. அதற்கு முன்பு பாலின மாற்றத்துக்கான மருத்துவச் சிகிச்சை எதையும் எந்த வழிகாட்டு நெறியும் பரிந்துரைப்பதில்லை.

கருத்து வேறுபாடு இருப்பது, குழந்தை கேட்கும் பெயரையும் உடையையும் 'அவன்', 'அவள்' என்ற சுட்டுப்பெயரையும் முழுமையாக ஏற்று வாழவிடுவதில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல், குழந்தை சொல்வதை ஏற்று அரவணைக்கும் அணுகுமுறையை ஆதரித்தது. குழந்தைகளுக்கான பாலின மருத்துவச் சேவைகளை ஆராய்ந்து இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வெளியான காஸ் அறிக்கை, சிறு வயதில் இதில் எச்சரிக்கை வேண்டும், முடிவெடுக்கும் முன் நிபுணரைப் பார்ப்பது நல்லது என்றது.

"பெரியவனானதும் மாறிவிடுவானா?" என்ற கேள்விக்கும் ஒற்றைப் பதில் இல்லை. மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த பழைய ஆய்வுகளில் பெரும்பாலோர் பின்னாளில் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ வாழவில்லை. அந்தக் குழந்தைகளில் பலர், உடையும் விளையாட்டும் மட்டுமே வேறாக இருந்தவர்கள் என்ற விமர்சனம் அவற்றின்மீது உண்டு. மாறாக, அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா ஓல்சன் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே புதிய பெயரிலும் தோற்றத்திலும் வாழத் தொடங்கியிருந்த 317 குழந்தைகளில் 94 சதவீதம் பேர், சராசரியாக 5 ஆண்டுகள் கழித்தும் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தங்களை அடையாளப்படுத்திக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு குழந்தைகளைப் பற்றியவை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று வாதிடுபவர்கள் நிறைய. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குழந்தை, அதற்குச் சதவீதம் கிடையாது. என் கருத்து கேட்டால்: எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள், எந்தப் பக்கமும் கதவைச் சாத்தாதீர்கள். இன்று "நான் பெண்" என்ற குழந்தை அடுத்த வருடம் "இல்லை" என்றாலும் வெட்கப்படாமல் சொல்லக்கூடிய வீடாக அது இருக்கட்டும். "ஆம்" என்றே தொடர்ந்தாலும் அப்படியே.

9. சொதப்பிவிட்டால்

சொதப்பாதவர்கள் இல்லை. சிரித்திருப்பீர்கள், கத்தியிருப்பீர்கள், என்னைப் போலப் பாடம் நடத்தியிருப்பீர்கள். குழந்தைகளிடம் திரும்பிப் போக முடியும், பெரியவர்களைவிடச் சீக்கிரம் இடம் கொடுப்பார்கள். "நேற்று நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். அது தப்பு. மறுபடியும் சொல்கிறாயா?" என்றால் போதும். விளக்கம் நீளவேண்டாம், அழுதுகாட்டவும் வேண்டாம். குழந்தை அப்போதே பேசாமல் போகலாம். இரண்டு நாள் கழித்துச் செருப்பு மாட்டும்போது பேசும்.

மணல்தொட்டிச் சிறுவனிடமும் நான் அப்படித்தான் திரும்பிப் போனேன். "நேற்று நான் ரொம்பப் பேசிவிட்டேன். அப்பா ஆகிறவர்கள் எல்லோரும் இரவில் வேலைக்குப் போக வேண்டியதில்லை. பகலில் போகிறவர்களும் உண்டு. வீட்டிலேயே இருப்பவர்களும் உண்டு" என்றேன். அவன் வாளியை மணலில் கவிழ்த்துத் தட்டினான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"இரவில் போகிறவர்களுக்கு டார்ச் கொடுப்பார்களா?"